கடைசியாக வந்து போனது 2.47

எட்டாம் கட்டிலில் சப்ரான்.
கிண்ணியாப் பெடியன், இருபத்தி மூன்று வயது,
தூளை விட்டு நாலாம் நாள்.
படிவத்தை நிரப்புகிறேன்.
வியர்வை, உண்டு.
கொட்டாவி, உண்டு.
மயிர்க்கூச்செறிதல், உண்டு
(பள்ளிக்கூடத்தில் தேவாரத்துக்குப் பொழிப்பு எழுத மட்டும்
பாவித்த சொல்).
கால் ஓரிடத்தில் நில்லாமை:
கட்டில் முழுதும் கிறீச்சிடுகிறது.

பேனையை மூடும்போதுதான் கண்டேன்
மேசைக்குக் கீழே என் காலும்
அவன் காலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

நீ போய் நாற்பத்தொரு நாள், கேதீசன்.
எண்ணி வைத்திருப்பதே ஓர் அறிகுறி.
அதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

புதிதாய் வந்த எங்கள் ஐந்து பேருக்கும்
டொக்டர் படம் கீறிக் காட்டினவர்.
மூளையின் அடியில், நடுவில், கடலை அளவு ஓர் இடம்,
அங்கேயிருந்துதான் டோபமின் கசியும்.
கிடைச்சதுக்காக இல்லைப் பிள்ளையள்,
கிடைக்கப்போகுது எண்டுதான் அது கூடச் சுரக்கும்.
பிறகு, போகிற போக்கில்,
காதலிலயும் இதே இடம்தான் எரியும் என்றார்.
நாங்கள் சிரித்தோம்.
அன்றைக்கு நீ உப்புவெளியில்
இரண்டு கொத்துப் பாசலோடு காத்திருந்தாய்.
நான்தான் கூடச் சிரித்தேன்.

இடத்தை மாத்து, கூட்டாளிமாரை மாத்து,
அந்தப் பாலத்தடிக்குப் போகாதே.
சப்ரானுக்கு இதையெல்லாம் சொல்வது என் வேலை.
எனக்கு யார் சொல்வது?
திருகோணமலையில் எந்தத் தெருவால் திரும்பினாலும்
கடலில் போய் முடிகிறது.
எந்தக் கடலிலும் நாங்கள் கால் நனைத்திருக்கிறோம்.

மூன்று மணி. உன் பெயரைத் திறக்கிறேன்.
கடைசியாக வந்து போனது 2.47.
பதின்மூன்று நிமிடத்துக்கு முன் நீ விழித்திருந்தாய்
எனக்காக அல்ல,
என்றாலும் அந்த மூன்று இலக்கத்திலும்
ஒரு சொட்டு இருக்கிறது.
தோள் இறங்குகிறது. மூச்சு வருகிறது.
அடுத்த கால் மணிக்குப் போதும்.

"மிஸ், உங்களுக்கும் தூக்கம் வருதில்லயா?"
டியூட்டி, என்றேன்.
அவன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அந்த ஆள்ர நம்பர நானும் இன்னும் அழிக்கல்ல மிஸ்.
எடுக்க மாட்டன்.
இருக்கி எண்டு தெரிஞ்சாப் போதும்."
இதைக் குறிப்பில் எழுத வேண்டும்.
எழுதவில்லை.
ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்,
சீனி கூடப் போட்டு.

விடிய பஸ் ஸ்டாண்டில் வழமையான மான்.
யாரோ எப்போதோ பணிஸ் பிய்த்து நீட்டியிருக்கிறார்கள்.
நெடுகலும் கொடுத்திருந்தால் அதற்கு அலுத்திருக்கும்.
ஒருநாளும் கொடுக்காதிருந்தால்
கோட்டைப் பக்கம் புல்லுக்குப் போயிருக்கும்.
இடைக்கிடை கொடுத்தார்கள்.
அதனால்தான் வெறும் சொப்பிங் பையை நக்கிக்கொண்டு
இந்த இடத்திலேயே நிற்கிறது.
நீயும் கடைசி மாதங்களில்
இடைக்கிடைதான் எழுதினாய்.

பைக்குள் போன் அதிர்ந்தது.
மானுக்கு முதல் நான் தலை நிமிர்த்தினேன்.
ரீலோட் விளம்பரம்.

என் கையில் பாதிப் பணிஸ் இருந்தது.
கொடுக்கவில்லை.
அது போகவுமில்லை.