மூன்றாம் பிரதி

இரவு இரண்டு மணிக்கும்
ஜெலுத்தோங் சாலையில் தார் சுடும்.
மீன் லோரி போன பிறகு
நாய்கூடக் குரைக்காத கால் மணி நேரம் ஒன்று வரும்.
அப்போது கம்பியை ஊன்றுவோம்.

ஒன்றரை மீட்டர் எஃகு.
உச்சியில் வட்டத் தட்டு, தட்டின் மேல் என் காது.
பிடியில் ஒட்டுத்தாள்: இரண்டு நாட்டுக் கொடிகள்,
நடுவில் குலுக்கிக்கொள்ளும் கைகள்.
என் வியர்வையில் முதலில் அழிந்தது கொடி.

நல்ல குழாய் பேசாது என்றார் நிஷிகாவா.
அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
மீதியை வாயால் ஒலித்துக் காட்டினார்.
உஸ்ஸ் என்றால் மூட்டு.
கொர்ர் என்றால் வெடிப்பு.
நின்று நின்று வந்தால்
யாரோ குளிக்கிறார், விட்டுவிடு.

எங்கள் வட்டத்தில் நூறு லிட்டர் ஏற்றினால்
நாற்பத்திரண்டு காணாமல் போனது.
மண் குடித்தது என்று எழுதி வைத்திருந்தோம்,
மண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால்.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இதில் பாதி தானம், பாதி கடன்.
மாடுதான் எங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தது.

பின்னிணைப்பு நான்கு, பத்தி ஏழு:
எல்லா இணைப்புக்கும் மீட்டர். விலக்கு இல்லை.
"நம் அடுப்பில் வந்து உப்புப் பார்க்கிறான்"
என்றார் தலைமை எழுத்தர் ஹம்ஸா.
பொய் இல்லை.
பம்பை அவர்களிடமே வாங்க வேண்டும் என்றும் ஒரு பத்தி இருந்தது.
வந்த மூன்றில் ஒன்று பொருந்தவில்லை;
பிளாஸ்டிக் உறையோடு கிடங்கில் கிடந்தது,
அதற்குள் பூனை இரண்டு முறை குட்டி போட்டது.

பிறகு அந்த மலைச்சாலை பங்களா.
வாரியத்தில் ஒரு நாற்காலி உள்ளவர் வீடு.
கேட்டுக்கு வெளியே கம்பியை ஊன்றினேன்.
உஸ்ஸ் இல்லை. கொர்ர் இல்லை.
தடையில்லாமல், தடிப்பாக, கூச்சமில்லாமல்
மீட்டரே இல்லாத ஒரு நதி
ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிஷிகாவா காது வைத்துக் கேட்டார்.
கம்பியை என்னிடம் திருப்பித் தந்தார்.
"இது உங்கள் ஊர்" என்று சொல்லி
வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர்மேல் கோபம் வந்தது, இன்னும் மிச்சம் இருக்கிறது.

படிவத்துக்கு மூன்று பிரதிகள்.
வெள்ளை மேலாளருக்கு. மஞ்சள் கோப்புக்கு.
ரோஜா நிறம் கடன் கொடுத்தவருக்கு.
வெள்ளை தொலைந்து போகும், தெரியும்.
மஞ்சளின் மேல் கோப்பி சிந்தும், தெரியும்.
ரோஜா மட்டும் கடல் தாண்டிப் போகும்;
இங்கே யார் கையும் எட்டிக் கிழிக்க முடியாது.
அழுத்தி எழுதினேன்,
மூன்றாம் தாள் வரை பதியும்படி:
மணி 2.40. கதவு எண். பெயர்.
இ. குணவதி, கசிவுப் பிரிவு.

கோடிக் கணக்கில் வந்ததாகச் சொன்னார்கள்.
எனக்கு வந்தது
கிழிக்க முடியாத ஒரு தாள்.

பதினோரு மாதம் என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.
பூனையோடு பழக்கமானது அப்போதுதான்.
பன்னிரண்டாம் மாதம் பங்களாவில் மீட்டர் ஓடியது.
ஆர்க்கிட் ஒன்றும் வாடவில்லை;
பில் கட்டிய தண்ணீரிலும் அது பூக்கிறது.
நாற்பத்திரண்டு பத்தொன்பது ஆயிற்று.
பத்தொன்பது இன்னும் பத்தொன்பதுதான்.

போன வருஷம் எங்கள் முத்திரை குத்திய பெட்டிகள்
டிலிக்குப் போயின.
உள்ளே பத்துக் கம்பிகள், புதிய ஒட்டுத்தாள்,
அதே குலுக்கும் கைகள், கொடிகள் வேறு.
எங்களுக்கும் பின்னிணைப்பு இருக்கிறது இப்போது.
அந்தப் பூனை நுழைந்த பம்பு மாதிரி
ஏதும் அனுப்பிவிடவில்லையே என்று
பட்டியலை இரண்டு தரம் பார்த்தேன்.

நேற்று நள்ளிரவில் ஃபெர்னாந்தா ஒலிப்பதிவு அனுப்பினாள்.
டிலியில் எந்தத் தெருவோ,
போனை என் காதில் அழுத்தினேன்.
உஸ்ஸ்.
மூட்டு, என்று பதில் போட்டேன்.
கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் தட்டினேன்:

உங்கள் மூன்றாம் பிரதி யாருக்குப் போகிறது?

இரண்டு குறிகளும் நீலமாயின.
இன்னும் பதில் இல்லை.