ஆறு வாய்

நாலு சிலிண்டர் கிடந்த இடத்தில்
ஆறு சிலிண்டரை இறக்கி வைத்தோம் நேற்று.
மவுன்டிங்கை வெட்டி ஒட்டியது குத்தூஸ்.
ரேடியேட்டரை இரண்டு விரல் முன்னே தள்ளியதும் அவன்தான்.
"இரும்பு முடிஞ்சிச்சி, இனிமே உம்பாடு"
என்று கையைத் துடைத்துக்கொண்டு
மணலி சாலையைக் கடந்து டீக்குப் போய்விட்டான்.

என் பாடு
சாப்பாட்டு டப்பா அளவில் ஓர் அலுமினியப் பெட்டி.
பின்புறம் நூற்றுச் சொச்சம் ஊசி.

பழைய பெட்டியே இருக்கட்டுமே என்றாள் ஏகவல்லி.
வண்டியும் அவளுடையது, தவணையும் அவளுடையது.
சரி, பாருங்கள் என்று மாட்டிக் காட்டினேன்.
கிளம்பத்தான் கிளம்பியது.
நாலு வாய்க்கு அளந்து ஊற்றியது டீசலை.
மீதி இரண்டும் திறந்த வாயோடு
காற்றை மென்றுகொண்டிருந்தன.
கேபின் உதறிய உதறலில்
டேஷ்போர்டு மேல் வைத்த ஸ்பேனர்
நகர்ந்து நகர்ந்து விழுந்தது.

"ரேசன் கார்டுல நாலு பேரு, வூட்ல ஆறு பேரு.
அதானே?"
அதேதான் என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
தையிலிருந்து தங்கச்சி பிள்ளைகள் இரண்டும்
அவளிடம்தான் என்பது
சிரித்து முடித்த பிறகே உறைத்தது.

"பேர் சேக்க முடியாதா?"
இதில் முடியாதுக்கா.
கணக்கை மாற்றி எழுதலாம்.
கட்டும்போதே நாலு கதவுதான் வைத்திருக்கிறான்.

மாதவரம் தாண்டி, எஞ்சின் வாங்கிய அதே உடைப்புக் கிடங்கில்
தேடி எடுத்தேன் இதன் சொந்தப் பெட்டியை.
ஒரு மூலை நசுங்கி, மூடியில் காய்ந்த சேறு.
பேரம் பேசி முப்பத்தெட்டாயிரம்.
ஏகவல்லி இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.

கேபிளைச் செருகியதும்
தன் பெயரைச் சொன்னது, வேறொரு சேசிஸ் எண்.
ஓடிய தூரம் மூன்று லட்சத்துப் பதினோராயிரம்.
அப்புறம் நான் கேட்காமலே
கடைசியாகப் பார்த்ததை:

வேகம் எழுபத்தொன்று.
ஆக்சிலரேட்டர் பூஜ்யம்.
பிரேக் மிதிபட்டது.
கூலன்ட் எண்பத்து நாலு, குறை ஒன்றுமில்லை.

அடுத்த வரி இல்லை.

"யாரு ஓட்டுனது?"
பெட்டிக்குத் தெரியாதுக்கா.
அதற்குக் கால் மட்டும்தான் தெரியும்.

சுத்திகரிப்பு ஆலையின் தீ
மேகத்தின் அடிவயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.
அழுகிய முட்டை நாற்றத்தோடு காற்று.
அழித்தால்தான் முழு பலத்தில் இழுக்கும் என்றேன்.
டீசல் கணக்கு நோட்டில் அந்த நாலு வரியை
அவள் எழுதிக்கொள்ளும் வரை காத்திருந்தேன்.
ஏன் என்று அவளும் சொல்லவில்லை.
அழித்தேன்.

இனி ஆறு இன்ஜெக்டருக்கும் ஆறு எண்.
மண்ணெண்ணெய்த் துணியால் தலைகளைத் துடைத்து
டார்ச் வெளிச்சத்தில் குத்தூஸ் வாசிக்க வாசிக்க அடித்தேன்.
மூன்றாவதில் தகராறு,
அது ஓவா பூஜ்யமா?
அவன் பூஜ்யம் என்றான்.
பெட்டி ஓ என்றது.
பிறகு புது சேசிஸ் எண், டயர் சுற்றளவு.

சாவியைத் திருப்பினாள்.
ஆறும் தின்றன.
ஸ்பேனர் வைத்த இடத்தில் இருந்தது.

வேக முள் மட்டும் ஒத்துவரவில்லை,
அறுபதுக்கு ஐம்பத்திரண்டு காட்டும்.
நாளைக்கு வாங்க, பார்க்கிறேன்.
"ஹார்பர் கியூல எங்கப்பா அறுபது?
முந்தாநேத்து ராத்திரி முழுக்க
எண்ணூர் ரோட்ல எட்டு லாரி நீளம் நவுந்தேன்."

கியர் போடுவதற்கு முன்
என் மடியிலிருந்த திரையில் பார்த்தேன்.
பிரேக் மிதிபட்டது.
விட்டது.
மிதிபட்டது.
விட்டது.
மிதிபட்டது.

பிறகு வண்டி நகர,
"கேபிள்! கேபிளப் புடுங்கலடா!" என்று
கண்ணாடிக் குவளையோடு ஓடி வந்தான் குத்தூஸ்.