வலது இருக்கை

லிஃப்டில் ஏற்றியதும் முதலில் உதிர்ந்தது
போன குளிர்காலத்துச் சாலை உப்பு.
அப்புறம் துரு.
ஸ்க்ரூடிரைவரைச் சும்மா வைத்துத்தான் பார்த்தேன்,
அடிச்சட்டத்துக்குள் கைப்பிடி வரை போயிற்று
வெந்த கிழங்கில் இறங்குவதுபோல.

மார்லிஸ் கோஸ்கெலா கீழே நின்று
அண்ணாந்து பார்த்தாள்.
"பன்னிரண்டு வருஷத்தில் இதன் வயிற்றை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன், டுவெய்ன்.
கூச்சமாக இருக்கிறது."

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல்.
முதல் அறுபத்தேழாயிரம் ஒரு பாதிரியார் ஓட்டியது.
மிச்சமெல்லாம் ஒரே பாதை:
சுப்பீரியர் ஏரிக்கரையோரம்
நானூற்றுப் பதினொரு தபால் பெட்டிகள்.
நிறுத்து, கை நீட்டு, திற, போடு, மூடு, நகர்.
இந்தப் ப்யூக் ஓடி ஓடிப் பழசாகவில்லை,
நின்று நின்று பழசானது.

ஓட்டுநர் இருக்கை இன்னும் கடைச்சரக்கு மாதிரி.
வலது இருக்கைதான் துணி கிழிந்து
பஞ்சு பிதுங்கிக் கிடக்கிறது.
பெட்டிகள் இருப்பது வலப்பக்கம், அதனால்
அவள் உட்காருவதும் வலப்பக்கம்.
இடக்காலைக் குறுக்கே நீட்டிப் பெடலை மிதித்து
இடக்கையின் மூன்று விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பி
இருபத்தியிரண்டு வருஷம்
ஒரு பயணியைப் போல உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள்.

எழுதிக் காட்டினேன்.
சட்டம், பிரேக் குழாய்கள், எண்ணெய் ஒழுகும் கேஸ்கெட்:
மூவாயிரத்து நானூறு டாலர்.
காயலான் கடையில் இந்தக் காருக்கு முந்நூற்றைம்பது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"நீயாக இருந்தால் என்ன செய்வாய்?"
எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள்.
எல்லோருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்:
வண்டியைவிட வைத்தியம் விலை போனால் கைகழுவு.
அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
கடைக்குப் பின்னால் ஆறு வருஷமாக நிற்கும்
என் பிக்கப்பின் தரையைத் துளைத்துப் புல் முளைத்திருக்கிறது.
அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை எஸ்கனாபாவுக்குப் போய்
பழைய கார் கடையில் ஒவ்வொரு காராக
வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாளாம்.
"மேடம், ஸ்டியரிங் அந்தப் பக்கம்" என்றானாம் விற்பனைப் பையன்.
"தெரியும். நடுவில் இது என்ன?"
காப்பிக்கு இரண்டு குழி,
போனுக்கு ஒரு பள்ளம்,
சில்லறைக்கு ஒரு தட்டு.
"எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள், டுவெய்ன்,
என் இடக்காலுக்குத்தான் இல்லை."

ஸ்டியரிங்கே வலப்பக்கம் வைத்த ஜீப் ஒன்று இருந்ததாம்.
பத்தொன்பதாயிரம். ஐந்து வருஷத் தவணை.
அவள் ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்.
"நான் வீட்டில் உட்கார்ந்த பிறகும்
கடன் மட்டும் நாலு வருஷம் தபால் போட வேண்டும்."

பீட்சா விளம்பரத் தாளின் முதுகில்
என் பேனாவால் ஏதேதோ கூட்டினாள், அடித்தாள்,
மறுபடி கூட்டினாள்.
பிறகு தாளை நாலாக மடித்துவிட்டுச் சொன்னாள்:
"சட்டத்தை மாற்று. பிரேக் குழாய் எல்லாம் புதுசு போடு.
கேஸ்கெட்டை விட்டுவிடு, ஒழுகட்டும்,
நான் ஊற்றிக்கொள்கிறேன்.
ஓடாமல் போனால் நடப்பேன்.
நிற்காமல் போனால்?"

இஷ்பெமிங்கில் மரத்தில் மோதிய
இன்னொரு ப்யூக்கின் சட்டம் கிடைத்தது.
நாலு நாள் வேலை.
பதினான்கு மாதம் தாங்குமா என்று கேட்டாள்.
தெரியாது என்றேன். அது பொய்யில்லை.

கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க ஏறினேன்.
இடது இருக்கை சரிப்படவில்லை,
யாரும் உட்காராத வீட்டு வரவேற்பறை மாதிரி.
நகர்ந்து வலப்பக்கம் போனேன்,
காலைக் குறுக்கே நீட்டினேன்,
இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு இழுத்தது.
அப்படியே தட்டுத்தடுமாறி
என் வீட்டுத் தபால் பெட்டி வரை போய் மிதித்தேன்.
நின்றது.

ஜன்னல் வழியே கை நீட்டினேன். பெட்டி திறக்கவில்லை.
கீலில் துரு.
கீழ் விளிம்பில் விரல் கொடுத்து நெம்பினால்தான் வருகிறது,
அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து
தகரம் பளபளக்கிறது.
ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

பின் இருக்கையில் அவளுக்காக வைத்த
எண்ணெய்க் குப்பியை எடுத்து
இரண்டு சொட்டு விட்டேன்.