வருமுன் போன லாரி

கூப்பெனின் லாரி
மாலை ஐந்து இருபதுக்கு ஆலைக்குள் வந்தது.
ஐந்து பதினெட்டுக்கே வெளியேறிவிட்டது.
கரும்பு மட்டும் உள்ளே கிடக்கிறது, இருபத்தோரு டன்.

இப்படியொரு நடையைக் கணினி ஏற்காது.
இந்த வாரம் அவருக்கு இது ஏழாவது.
ஏழுக்கும் கூலி இல்லை.
மேலாளர் இரண்டு முறை அறைக்குக் கூப்பிட்டுக்
கேட்டிருக்கிறார்: எப்படிச் செய்கிறாய் இதை?

போர்ட் லூயிஸிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
பையில் மடிக்கணினி, ஒரு பொத்தான் பேட்டரி,
சூயாக் திருப்பத்தில் வாங்கி
இன்னும் பிரிக்காத இரண்டு தால்பூரி.
செப்டம்பர் காற்றில் கடலின் உப்பும்
பாகின் புளிப்பும்.

முதலில் பேட்டரியைத்தான் சந்தேகித்தேன்.
மாற்ற எளிதானதைத்தானே முதலில் சந்தேகிப்போம்.
மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

சர்வரைக் கேட்டேன்: உன் நேரம் சரியா?
சரி, என்றது. பிழை இரண்டு மில்லிவினாடி.
யாரைப் பார்த்துச் சொல்கிறாய்?
பக்கத்துத் தட்டில் இருக்கும் மாற்று சர்வரை.
அதைக் கேட்டேன். அதுவும் சரி என்றது.
நீ யாரைப் பார்த்து?
இதை.

ஜனவரிப் புயலில் எரிந்த பெட்டிக்குப் பதில்
புதிது பொருத்தியவர்
நூற்று இருபத்துமூன்றாம் வாசலைத் திறக்க மறந்துபோனார்.
மணி என்ன என்று உள்ளிருந்து கேட்டது எதுவும்
அன்றிலிருந்து வெளியே போகவில்லை.
ஒன்று தலையாட்ட, மற்றது தலையாட்ட,
நாளுக்கு இரண்டே முக்கால் வினாடி
சேர்ந்தே பின்தங்கியிருக்கின்றன.
சண்டை இல்லை.
எட்டு மாதமும் பச்சை விளக்கு.

நுழைவு எடைமேடை தனிக்கட்டை,
செயற்கைக்கோளிடம் நேரம் வாங்குகிறது.
வெளியேறும் மேடை சர்வர் சொல்லைக் கேட்கும்.
இரண்டுக்கும் நடுவே பதினோரு நிமிடம்.

அப்போதுதான் உறைத்தது.
பதினோரு நிமிடத்துக்கு மேல் உள்ளே நின்ற லாரி
ஒன்றுகூட மாட்டவில்லை.
டீ குடித்தவர், டயரைத் தட்டிப் பார்த்தவர்,
எடைச்சீட்டு எழுதும் ரோஸ்மேயிடம் கதை அளந்தவர்,
எல்லோருக்கும் கூலி வந்திருக்கிறது.
ஒன்பதே நிமிடத்தில் கொட்டிவிட்டுத் திரும்பியவர்தான்
காலத்தை ஏமாற்றியவர்.

வாசலைத் திறந்தேன்.
நான்கு இடங்களிலிருந்து நேரம் வந்தது.
மெல்லத் திருத்தட்டுமா, என்றது சர்வர்.
வினாடிக்கு அரை மில்லிவினாடி,
யாருக்கும் தெரியாது, எதுவும் அதிராது.
பதினைந்து நாள் ஆகும்.

கூப்பென் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்,
தொப்பி கையில்.
“சனிக்கிழமை சம்பளம்,” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ரோஸ்மே தடுப்புக் கட்டையை இறக்கினாள்.
மேடைகள் இரண்டும் காலி.
இரவு ஒன்பது ஏழு.
அழுத்தினேன்.
ஒன்பது பதினெட்டு.

நடுவே இருந்த நிமிடங்கள்
இந்த ஆலையின் ஏட்டில் கிடையாது.
ஒரு தண்டுகூட அதில் எடை ஏறவில்லை,
யாரும் வரவில்லை, வருமுன் போகவும் இல்லை.
தொலைந்தது என்றும் சொல்வதற்கில்லை.
அவற்றை எப்போதோ வாழ்ந்து தீர்த்திருந்தோம்,
நாளுக்கு இரண்டே முக்கால் வினாடியாக.

“பழைய ஏழு?”

கடிகாரத்தைத் திருத்தினால் நேற்று திருந்தாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ரோஸ்மே அதற்குள் இழுப்பறையைத் திறந்து
மங்கிய நீலத் தாள்கட்டை எடுத்துவிட்டாள்.
ஏழு வரி, பேனாவால்.
வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில் ஒவ்வொன்றிலும்
பதினொன்றைக் கூட்டி எழுதினாள்,
விரல் விட்டு எண்ணி,
ஒருமுறை அடித்துத் திருத்தி.

கீழே நான் கையெழுத்திட்டேன்.
பக்கத்தில் நேரமும் வேண்டும் என்றாள்.
மணிக்கட்டைப் பார்த்து எழுதினேன்.

லாரி கிளம்பிப் போன பிறகுதான் நினைவு வந்தது,
காலை பஸ்ஸுக்காக நானே திருப்பி வைத்த கடிகாரம் அது.
நான்கு நிமிடம் வேகம்.