நாலாவது திருகாணி

தேசப்பன் படகில் இருந்தது
பஸ் சீட்டு.
முதுநகர் பழைய இரும்புக் கடையில் எழுநூறு ரூபாய்.
முதுகில் 'மகளிர்' என்ற எழுத்து
பாதி அழிந்து, பாதி அழியாமல்.
டிஸ்க் நகர்ந்தவனுக்குச் சாய இடம் கிடைத்தால் போதும்,
சோனாங்குப்பத்தில் யார் சிரித்தால் என்ன.

பொருத்தியவன் நான்.
மச்சான் என்கிற தகுதி,
இரவல் வாங்கிய டிரில்.
மூன்று திருகாணிகள் முனகிக்கொண்டே இறங்கின.
நாலாவது
எதையும் பிடிக்காமல் சுற்றியது,
மாவுக்குள் கரண்டிபோல.
சார்ஜ் இறங்கிவிட்டது. பொழுதும் இறங்கிவிட்டது.
தலைமேல் எம்-சீல் உருட்டி அப்பி
"போதும்" என்றேன்.

ஐந்து மாதம் தாங்கியது அந்தப் போதும்.

ஆடியில், கரை திரும்பும்போது,
உப்பனாறு கடலில் சேரும் வாயில்
பின்னாலிருந்து வந்த அலை தூக்கிப்போட
சீட்டும் அவனோடு எழுந்தது.
கைவிட்ட எஞ்சின் தன்பாட்டில் திரும்பிக்கொள்ள
படகு ஒரு முழு வட்டம் அடித்ததாம்.
பாய்ந்து அணைத்தவன் சின்னவன் வேம்புலி.
இரண்டு விலா எலும்பு, ஒரு முன்பல்.
ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம்
"அலை பெருசு" என்றான் தேசப்பன்.
என்னிடமும் அதையே சொன்னான்,
நான் அலையைப் பார்க்காதவன் என்பதுபோல.

மணலில் ஏற்றிய படகில்
கழற்ற எதுவும் மிச்சமில்லை.
மூன்று துருக்குச்சிகள் விரலோடு வந்தன.
நாலாவதன் ஓட்டையில்
என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.
கம்பியை விட்டுக் குத்தினேன்.
கறுத்த தண்ணீர் வழிந்தது,
மூன்று நாள் ஊறிய இறாலின் வாடையோடு.
உள்ளே பலகையே இல்லை.
காகிதக் கனத்தில் ஃபைபர்,
அதனடியில் டீயில் விழுந்த பன்போல ஃபோம்.
தோலின்மேல் ஓர் ஆளை
உட்காரவைத்திருக்கிறேன்.

அறுத்தேன். சுரண்டினேன். வெயில் காட்டினேன்.
கிரைண்டர் தூசி கழுத்திலும் கையிடுக்கிலும் ஏறி
இரண்டு ராத்திரி உறங்கவிடவில்லை.
அரிக்கட்டும் என்று விட்டேன்.
முதல் மக் ரெசின் உச்சி வெயிலில்
மக்குக்குள்ளேயே புகைந்து கல்லானது.
முந்நூற்றி இருபது ரூபாய்க் கல்.
மறுநாள் விடியுமுன் வந்து
மெரைன் பிளைவுட்டை இறக்கி
மேட்டின்மேல் மேட்டாக
நாலு அடுக்கு ஒட்டினேன்.

ஆணி இல்லை இம்முறை.
ஊடுருவும் போல்ட்டு, அடியில் தகடு.
தகடு எங்கே என்று யோசிக்கையில்
அஞ்சலாட்சி தன் பழைய தராசின் தட்டைக் கொண்டுவந்து
மணலில் போட்டாள்.
"கிலோவுக்கு அம்பது கிராம் முழுங்குதுன்னு
ஒதுக்கிப் போட்டது.
இங்க கெடந்து எதை முழுங்கப்போவுது?"
என் அக்காதான். ஆனாலும்
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தட்டில் துளை போட ஒரு மதியம் போனது.
எவர்சில்வர் லேசில் வழிவிடாது.
துருப்பிடிக்காத போல்ட்டு நாலு,
அகல வாஷர், லாக் நட்டு,
ஓட்டையைச் சுற்றிச் சிலிக்கான்.
ஸ்பானரில் இரண்டு கையும் வைத்து இறுக்கினேன்.
நாலாவதை மட்டும்
இன்னும் ஒரு கால் சுற்று.

விலாவில் கட்டோடு வந்தான் தேசப்பன்.
சீட்டைக் காலால் உதைத்துப் பார்க்கவில்லை,
ஆட்டிப் பார்க்கவில்லை.
மெல்ல ஏறி உட்கார்ந்து
இல்லாத எஞ்சினைப் பிடிப்பதுபோலக்
கையைப் பின்னால் நீட்டினான்.
கரையிலிருந்தபடியே கொஞ்ச நேரம் ஓட்டினான்.

பிறகு, பல் போன இடத்தில் காற்று சீற,
"அன்னிக்கு நாலாவது சுத்துன சத்தம்
எனக்கும் கேட்டுச்சுடா."

நான் நிமிரவில்லை.

"மறுநாள் சீலா நல்லா பாடுன்னு சொன்னாங்க.
நானும் போதும்னுதான் நெனச்சேன்."

கையில் ஒட்டிய ரெசினை
நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.
தோலோடு வந்தது.

"அந்த ஸ்பானர எடு" என்றான்.
எடுத்துக் கொடுத்தேன்.
விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து
மூன்றாவதையும் ஒரு கால் சுற்று
இறுக்கினான்.