இருபத்தெட்டுக் கட்டம்

டர்பன், உம்கேனி சாலை. ஹோம் அஃபேர்ஸுக்கு எதிரே என் கடை.
ஒரு நகல் பொறி, ஒரு ஸ்டேப்ளர்.
படிவம் நிரப்ப இருபது ராண்டு,
அழுதுகொண்டு வந்தால் பத்து.

முகெண்டி அழவில்லை.
கடற்கரையில் கார்களுக்குக் காவல் நிற்பவன்.
பச்சை மேற்சட்டையைக் கழற்றி மடித்து
மடியில் வைத்துக்கொண்டு பிறந்த நாட்டைச் சொன்னான்:
டெமாக்ரட்டிக் ரிபப்ளிக் ஆஃப் த காங்கோ.

எழுத்துக்கு ஒரு கட்டம், சொல்லுக்குச் சொல் ஒரு வெறுங்கட்டம்.
எண்ணினேன். முப்பத்திரண்டு வேண்டும்.
அரசாங்கம் தந்தது இருபத்தெட்டு.
'த'வை எடுத்தேன், மூன்று எழுத்தையும் அதன் மூச்சையும்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது நாடு.

எனக்கென்ன தெரியும்.
தமிழில் நாட்டுக்கு முன்னால் எதுவும் நிற்பதில்லை.
ஒருவன் பேருக்கு முன்னால் 'அந்த' போட்டால்
ஒன்று, அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது,
இல்லை, நேற்றே அவனைப் பேசித் தீர்த்தாயிற்று.

நான் பிறந்தது த டிரான்ஸ்வாலில்.
ஒரு தேர்தல் முடிந்து மாகாணம் கலைந்தபோது
'த' எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.
கௌடெங்குக்கு அது தேவைப்படவில்லை.
ரேடியோவில் த டிரான்ஸ்கை என்பார்கள் அப்போது,
தனி நாடு என்று கொடியும் கொடுத்துவிட்டு
மேய்ச்சல் நிலத்தைச் சொல்கிற குரலில்.

மூன்றாம் செவ்வாய் திரும்பி வந்தான்.
சிவப்பு வட்டம். பட்டியலோடு பெயர் ஒத்துப்போகவில்லை.
கடையைச் சாத்தினேன். இருவரும் சாலையைக் கடந்தோம்.

ஒன்பதாம் கவுன்ட்டரில் நொம்வுலா.
"'த' இல்லையே," என்றாள் கண்ணாடிக்குப் பின்னால்.
"கட்டம் இல்லையே," என்றேன் நான்.
"எனக்கு அது வேண்டாம்," என்றான் முகெண்டி,
"பெர்மிட்டுக்குத்தான் வேண்டும்."

அவள் ஜூலு, அவன் ச்சிலூபா,
நான் எனக்கு மிஞ்சியிருக்கிற தமிழ்.
மூன்றிலும் கிடையாது அந்தச் சொல்.
பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருக்க
வீட்டில் இல்லாத பிள்ளைக்கு
இடம் கேட்டு நின்றோம்.

கடைசியில் பேனாவைத் துளை வழியே தள்ளினாள்.
ஆஃபுக்கும் காங்கோவுக்கும் நடுவே
காக்கைக்கால் போல ஒரு குறி போட்டு
கட்டத்துக்கு வெளியே, எறும்பு அளவில் எழுதினேன்.
முத்திரை நேராக அதன் மேலேயே விழுந்தது.
படிக்க முடியவில்லை.
"சரி," என்றாள். "அடுத்தது."

வாசலில் இருபது ராண்டு நீட்டினான்.
தப்பு என்னுடையது, வேண்டாம் என்றேன்.
சட்டைப்பையில் திணித்துவிட்டு
பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டான்.
கடற்கரைக்குப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான்,
'த' இல்லாமல்.