ஏழில் முடிகிறவர்

நாலரைக்கே அடுப்பு என்னைப் பார்த்துச் சிவந்திருக்கும்.
குதாயிசியில் இன்னும் தெருவிளக்கு அணையவில்லை.
மண்ணடுப்பின் வாய்க்குள் தலையை விட்டு
மாவை இழுத்து, படகாக்கி, உள்சுவரில் அறைகிறேன்.
ஒட்டினால் ரொட்டி. விழுந்தால் என் சம்பளம்.
முன்கை முழுக்க வரிவரியாய்ச் சூட்டுத் தழும்பு.
நர்சிங் கல்லூரியில் முதல் நாள்
நாடி பார்க்கக் கையை நீட்டியபோது
பக்கத்து பெஞ்சு கேத்தோ கேட்டாள்:
"பூனை வளர்க்கிறாயா?"
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.

பதினொன்றுக்கு உடற்கூறு.
மணிக்கட்டில் எட்டு எலும்பு, எல்லாம் கூழாங்கல் அளவு.
ஒன்று படகு, ஒன்று பிறை, ஒன்று பட்டாணி,
கடைசியில் ஒரு கொக்கி.
மற்ற நாலும் தலையில் தங்குவதில்லை,
தும்மினால் மாவோடு போய்விடுகின்றன.
நோன்புக் காலம் வேறு.
ஏழு வாரம் பால் இல்லை, முட்டை இல்லை, பாலாடைக்கட்டி இல்லை.
எங்கள் கடையிலோ பாலாடைக்கட்டி ரொட்டிதான் அதிகம் போகும்.
விரலில் ஒட்டியதை நக்காமல் துடைப்பது
எந்த ஜெபத்தையும்விட நீளமானது.

மூன்று மணிக்கு என் கைகளில்:
அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை,
கீழ்வீட்டு மெராபிக்காகத் தையற்கடையில் வாங்கிய கோட்டு,
இரண்டு கிலோ சிவப்பு பீன்ஸ்,
தேர்வுக் குறிப்பு, அதன்மேல் ஓர் எண்ணெய் வட்டம்.
மினிபஸ்ஸில் உட்கார இடமில்லை.
பாலத்தருகே திரும்பும்போது மேட்டில் பாக்ராத்தி தேவாலயம் தெரியும்.
தெரிந்ததும் வண்டி முழுக்கக் கைகள் எழும்பும்:
நெற்றி, வயிறு, வலத்தோள், இடத்தோள். மூன்று தரம்.
ஓட்டுநரும் ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்.
அந்த மூன்று நொடி வண்டியை யார் ஓட்டுகிறார் என்று
எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.
என் ஒரு கை கம்பியில்.
மற்றதில் மேற்படி எல்லாம்.
கண்ணை மூன்று தரம் மூடித் திறந்தேன்.
காதில் பாட்டு மாட்டியிருந்த பையன்
தனக்குத்தான் சைகை என்று நினைத்து,
கொஞ்சம் சிவந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சந்தை வாசல் இயந்திரத்தில் எரிவாயுக் கட்டணம்.
தூக்கத்தில் கடைசி எண்ணை மாற்றித் தட்டிவிட்டேன்,
ஒன்றுக்குப் பதில் ஏழு.
முப்பத்தெட்டு லரி. சீட்டு வந்த பிறகுதான் பார்த்தேன்.
தொலைபேசியில் ஒரு பெண், வெண்ணெய்க் குரல்:
"மனு எழுதுங்கள், பதினைந்து வேலைநாள் ஆகும்."
எனக்கு வேலைநாள் அல்லாத நாள் எது, அம்மணி?
வெள்ளிக்கிழமை எரிவாயுவை நிறுத்திவிட்டார்கள்.
அப்பா கோட்டோடு படுத்தார். மெராபியின் கோட்டு.
நான் கையுறைக்குள் என் எலும்புகளையே
ஒவ்வொன்றாய் அழுத்திப் படித்தேன்.
எங்கோ என் காசில் வெந்நீர் போட்டுக் குளிக்கிற
அந்த முகம் தெரியாத ஆளை
பட்டாணிக்கும் கொக்கிக்கும் நடுவில் இரண்டு முறை சபித்தேன்.

ஞாயிறு. முக்காடு போட்டு, மூன்று மணி நேரம் நின்றபடி.
நின்றபடி தூங்க அடுப்படியில் பழகியிருக்கிறேன்.
மெழுகுத்திரி விற்கும் மேசையில்
பெயர் எழுதும் சீட்டுகள்: உயிரோடிருப்பவர்களுக்காக.
அப்பா பெயர் எழுதினேன். கேத்தோ.
மெராபி, கோட்டைக் கேட்காமல் இருப்பதற்காக.
பேனா கொஞ்சம் நின்றது. பிறகு:
"பெயர் தெரியாது. கணக்கு எண் ஏழில் முடிகிறவர்."

தந்தை யோராம் நூறு பெயர்களை ஒரே மூச்சில்
முணுமுணுத்துக்கொண்டு போனார்.
ஓரிடத்தில் மட்டும் நின்றார்.
சீட்டைத் தூரமாகப் பிடித்தார், கிட்டே பிடித்தார்,
"ஏழில் முடிகிறவர்" என்றார்,
மற்ற பெயர்களுக்கான அதே ராகத்தில்.

இந்நேரம் எங்கோ ஒரு வீட்டில்
பில் ஏன் குறைந்தது என்று நெற்றியைச் சுருக்கியபடி
யாரோ சட்டியை ஏற்றுகிறார்கள்.
எனக்கு இரண்டு கையும் காலி.
சிலுவை போட்டேன். இரண்டாவது தரம்
வலத்தோளிலிருந்து இடத்தோளுக்குப் போகும் வழியில்
மறந்த நாலில் ஒன்று தானாக வந்தது:
சரிவக எலும்பு.

நாளைக்குத் தேர்வு. மூன்று பாக்கி.